எலும்பில் எழுதிய கணக்கு

எந்த மொழி மூத்தது என்ற வாதம் நம் வளாகத்தில் ஓய்ந்தபாடில்லை. தமிழ்மொழிக் கழக நிகழ்ச்சி எதுவாயினும், பேச வருபவர் 'தொன்மை' என்ற சொல்லை உச்சரிக்காமல் மேடையை விட்டு இறங்கியதாக எனக்கு நினைவில்லை. சீன நண்பர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எழுத்தின் வழித்தோன்றலையே இன்றும் எழுதுகிறோம், உலகில் வேறு யாருக்கு இந்தப் பேறு வாய்த்திருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரு தரப்பினரும் ஆண்டுகளை எண்ணுகிறோமே தவிர, அந்தப் பழைய எழுத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை.

சீன எழுத்தைப் பொறுத்தவரை இக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. இன்று கிடைத்துள்ள மிகப் பழைய சீன எழுத்துத் தொகுதி, ஷாங் அரச மரபினர் விட்டுச் சென்ற குறி எலும்புகள்தாம். ஏறத்தாழ கி.மு. 1250 முதல் கி.மு. 1046 வரையிலான இருநூறு ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. போர், வேட்டை, விளைச்சல், மழை, நோய், பிள்ளைப்பேறு என்று பலவும் அவற்றில் பேசப்பட்டாலும், திரும்பத் திரும்ப வருவது பலி. எந்த முன்னோருக்கு, எந்த நாளில், எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை நாய், எத்தனை மனிதர் என்ற கணக்கு. மனிதர் என்று நான் எழுதியது எழுத்துப்பிழை அன்று. தொன்மையைப் போற்ற விரும்புகிறவர் முதலில் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் போற்றட்டும் என்பதே என் வாதம்.

இடைநிலைப்பள்ளியில் நாம் படித்த ஹுவாங் ஹோ நாகரிகப் பாடத்தில் இந்த எலும்புகளுக்கு ஓரிரு வரிகள் உண்டு. எழுத்து தோன்றியது, ஆமை ஓட்டில் பொறித்தனர் என்ற அளவோடு முடிந்துவிடும். தேர்வுக்கு அது போதும். எழுத்து தோன்றியதை நாகரிகத்தின் அடையாளமாக மனனம் செய்தோம், அந்த எழுத்து எதற்குப் பயன்பட்டது என்பதை யாரும் கேட்கவில்லை.

இவை வெளிச்சத்திற்கு வந்த வரலாறு சுவையானது என்றாலும் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹெனான் மாநிலத்தின் ஆன்யாங் நகருக்கு அருகே விவசாயிகள் நிலத்தை உழும்போது கிடைத்த பழைய எலும்புகளை 'கடல்நாக எலும்பு' என்று மருந்துக்கடைகளுக்கு விற்று வந்தனர். 1899இல் பெய்ஜிங்கில் இருந்த வாங் யீரோங் என்ற அறிஞர் அவற்றில் இருந்த கீறல்கள் எழுத்து என்பதைக் கண்டுகொண்டார். மறு ஆண்டு எட்டு நாட்டுப் படைகள் தலைநகருக்குள் நுழைந்தபோது அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரிடம் இருந்த எலும்புகளில் பெரும்பகுதியைப் பெற்ற லியு ஏ 1903இல் முதல் தொகுப்பை அச்சிட்டார். 1917இல் வாங் குவோவெய், எலும்புகளில் உள்ள மன்னர்களின் பெயர் வரிசையும் வரலாற்றாசிரியர் ஸிமா சியென் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதிவைத்த வரிசையும் பெரிதும் ஒத்துப்போவதை மெய்ப்பித்தார். 1928இல் முறையான அகழாய்வு தொடங்கியது. இதுவரை ஏறக்குறைய 150,000 துண்டுகள் கிடைத்துள்ளன. மருந்தாக இடித்துக் குடிக்கப்பட்டவை எத்தனையோ! வரலாற்றைக் கஷாயமாக்கிக் குடித்த நோயாளிகளுக்குக் குணமானதா என்பது தனி ஆராய்ச்சி.

குறி கேட்கும் முறையை அறிந்தால்தான் மற்றவை விளங்கும். மாட்டின் தோள்பட்டை எலும்பையோ ஆமையின் வயிற்றோட்டையோ எடுத்துச் சுத்தம் செய்து, சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்குவர். பின்புறம் வரிசையாகச் சிறு குழிகளைச் செதுக்குவர். கேள்வியை உரக்கச் சொல்லிவிட்டு, ஒரு குழியில் நெருப்பைப் போல் கனன்ற பொருளை வைத்து அழுத்துவர். முன்புறத்தில் நேராக ஒரு விரிசலும் அதன் பக்கவாட்டில் கிளைபோல் மற்றொரு விரிசலும் ஓடும். அந்த விரிசலின் வடிவமே குறி பார்த்தலைக் குறிக்கும் சீன எழுத்தானது. மாண்டரினில் அதனை 'பு' என்பர். நம் நாட்டில் கண்டோனீஸ் பேசுபவரைக் கேட்டால் 'புக்' என்பார். எலும்பு வெடிக்கும் ஓசை அதில் இருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் எலும்பு வெடித்த சத்தம் கோலாலம்பூர் வாயில் இன்னும் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்க்கிறது.

விரிசலைப் பார்த்து நன்மை தீமை சொல்லும் உரிமை பெரும்பாலும் மன்னருடையது. பிறகு கத்தியால் எலும்பில் பொறிப்பர். நாள், குறி கேட்டவர் பெயர், கேட்ட செய்தி ஆகியவை இருக்கும். சிலவற்றில் மன்னர் சொன்ன பலனும், மிகச் சிலவற்றில் பின்னர் உண்மையில் நடந்ததும் இருக்கும். கேள்வி பெரும்பாலும் இரட்டையாக வரும். ஓட்டின் வலப்புறம் 'நடக்கும்' என்றும் இடப்புறம் 'நடக்காது' என்றும் எழுதி இரண்டையும் சோதிப்பர்.

இவ்வளவு வேலைக்கும் எத்தனை ஓடுகள் வேண்டியிருந்திருக்கும்! ஒருவர் ஒரே தவணையில் ஆயிரம் ஓடு அனுப்பியதை ஓட்டின் ஓரத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். 1936இல் கண்டெடுக்கப்பட்ட ஒரே குழியில் மட்டும் 17,096 துண்டுகள் இருந்தன, பெரும்பாலும் ஆமை ஓடுகள். அவற்றுள் 44 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய ஓடு உண்டு. அதனை 1943இல் ஆராய்ந்த விலங்கியலாளர், மலாயா தீபகற்பத்தில் வாழும் ஆமை இனத்தைச் சேர்ந்தது என்று அடையாளம் கண்டார். இந்த இனம் பர்மா வரையிலும் பரவியிருப்பதால், நம் காட்டிலிருந்தே அது போனது என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. அக்காலத்தில் வெப்பம் மிகுந்திருந்ததால் இன்னும் வடக்கேயும் அது வாழ்ந்திருக்கலாம். ஆனாலும் நம் காட்டு ஆமையின் உறவு ஒன்று ஷாங் மன்னரின் கேள்வியைச் சுமந்தது என்பது உண்மை.

அப்படி என்ன கேட்டார்கள்? மன்னர் வூ திங்கின் பல்வலியை எடுத்துக்கொள்வோம். கிடைத்துள்ள எலும்புகளில் மிகப் பெரும் பங்கு இவர் ஆட்சியைச் சேர்ந்தது. மன்னருக்குப் பல் வலிக்கிறது. வலியை அனுப்பியவர் யார் என்று கேட்கிறார்கள். சந்தேகத்திற்குரியவர்கள் நால்வர், அதாவது அவருக்கு முன் ஆண்ட தந்தையும் தந்தையின் உடன்பிறந்த மூவரும். நால்வரும் இறந்தவர்கள். தந்தை ஜியாவா, இல்லையா? தந்தை கெங்கா, இல்லையா? தந்தை ஷின்னா, இல்லையா? தந்தை யீயா, இல்லையா? ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி எலும்பைச் சுட்டிருக்கிறார்கள். பிறகு தந்தை கெங்குக்கு ஒரு நாயைக் கொடுத்து ஓர் ஆட்டைப் பிளக்கலாமா என்று கேட்கிறார்கள்.

முதன்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. செத்துப்போன பெரியப்பா பல்லைப் பிடித்து ஆட்டுகிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அடுத்த எலும்புகளைப் படிக்கும்போது அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அந்த நால்வரும் பசியோடு இருப்பதாக மன்னர் உண்மையாகவே நம்பினார். படையல் குறைந்தால் நோய் வரும், மழை நிற்கும், எதிரி வருவான். முன்னோர் அன்பானவர்கள் என்ற எண்ணம் இந்த எலும்புகளில் அதிகம் தென்படுவதில்லை. அவர்கள் கடன்காரர்களைப் போல் இருக்கிறார்கள், கேட்டதைக் கேட்ட நாளில் கொடுத்தாக வேண்டும். நாளும் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஷாங் மக்களின் வாரம் பத்து நாள். இறந்த அரச குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் அந்தப் பத்து நாட்களில் ஒன்றின் பெயர் சூட்டப்பட்டு, அந்த நாளிலேயே படையல் நடந்தது. மரபின் இறுதிக்காலத்தில் ஐந்து வகைப் படையல்களும் எல்லா முன்னோரையும் ஒரு சுற்று சுற்றி முடிய முப்பத்தாறு அல்லது முப்பத்தேழு வாரங்கள் ஆயின. கணக்குப் பார்த்தால் ஓராண்டு. பலி என்ற பொருளுடைய 'ஸி' என்ற சொல்லே ஆண்டுக்கும் பெயராயிற்று. இத்தனை ஆண்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் இத்தனை பலிச்சுற்று என்று சொன்ன சமுதாயம் அது.

எழுத்துகளுக்கு வருகிறேன். கொல்வதற்கு ஒரு சொல் போதும் என்று நாம் நினைப்போம். ஷாங் எழுத்தரிடம் பல சொற்கள் இருந்தன. ஓடும் நீருக்குள் ஒரு மாடு வரையப்பட்டிருந்தால் ஆற்றுக்கு மூழ்கடித்துக் கொடுப்பது என்று பொருள். குழிக்குள் விலங்கு இருந்தால் புதைத்துக் கொடுப்பது. அடுக்கிய விறகும் தீப்பொறியுமாக இருந்தால் எரித்துக் கொடுப்பது. கை ஒன்று இரத்தம் சொட்டும் இறைச்சித் துண்டை ஏந்துவது போல் ஓர் எழுத்து உண்டு. அதன் பிற்கால வடிவம் 'ஜி' என்று ஒலிக்கும், சீனர்கள் முன்னோருக்குச் செய்யும் வழிபாட்டைக் குறிக்க இன்றும் எழுதும் அதே சொல். பலிக்கென்று தொழுவத்தில் தனியே அடைத்து வளர்த்த கால்நடையை 'லாவ்' என்றனர். கூரைக்குள் மாடு நிற்கும் அந்த எழுத்துக்கு இன்றைய சீனத்தில் சிறை என்று பொருள்.

மனிதருக்கென்றும் தனிச்சொல் இருந்தது. ஒரு மனிதன் நிற்கிறான், நீண்ட பிடியுடைய போர்க்கருவியின் அலகு அவன் கழுத்தின் குறுக்கே போகிறது. இது 'ஃபா'. தலையைத் துண்டித்துப் பலியிடுதல். இதே எழுத்து இன்று மரம் வெட்டுவதற்கும் படையெடுப்பதற்கும் பயன்படுகிறது. யாருடைய கழுத்து என்று கேட்டால், அதிகமாக வரும் பெயர் 'ச்சியாங்'. ஷாங் நாட்டின் மேற்கே வாழ்ந்த மக்களை ஷாங் எழுத்தர் அப்படி அழைத்தனர். அந்த எழுத்தைப் பாருங்கள், மனித உடல், தலையில் ஆட்டுக்கொம்பு. சிலவற்றில் கழுத்தில் கயிறும் உண்டு. அவர்கள் ஆடு மேய்ப்பவர்களாக இருந்ததால் அப்படி வரைந்தனர் என்று விளக்கம் தரப்படுகிறது. இருக்கலாம். ஆனால் ஒரே வரியில் இத்தனை ச்சியாங், இத்தனை தொழுவ மாடு, இத்தனை ஆடு என்று அடுத்தடுத்து எண்ணும் ஆவணத்தில், அந்தக் கொம்பு மேய்ச்சல் தொழிலை மட்டும்தான் காட்டுகிறது என்று என்னால் எடுத்துக்கொள்ள இயலவில்லை.

எண்ணிக்கைதான் என்னை அதிகம் உறுத்தியது. பத்துப் பேரா, இருபதா, முப்பதா என்று படிப்படியாகக் கேட்டிருக்கிறார்கள். முன்னோருக்கு எவ்வளவு கொடுத்தால் மனநிறைவு உண்டாகும் என்ற பேரம் அது. ஹூ ஹௌஷுவான் என்ற சீன அறிஞர் அதுவரை அறியப்பட்ட எலும்புகளைத் திரட்டி 1974இல் ஒரு கணக்கு வெளியிட்டார். மனிதப் பலி பற்றிய பொறிப்புகளில் குறிப்பிடப்பட்டவர்களைக் கூட்டினால் குறைந்தது 13,052 பேர். எண் குறிக்கப்படாத பொறிப்புகள் ஆயிரத்துக்கும் மேல், அவை இதில் சேரவில்லை. இவர்களில் 9,000க்கும் அதிகமானோர் வூ திங் ஆட்சிக்கு உரியவர்கள். மொத்தத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் ச்சியாங் மக்கள்.

இங்கே ஒரு தடையை நானே எழுப்பிக்கொள்ள வேண்டும். குறி எலும்பில் இருப்பது கேள்வி, நடந்ததன் பதிவு அன்று. முப்பது பேரைக் கொடுக்கலாமா என்று கேட்டதாலேயே முப்பது பேர் கொல்லப்பட்டனர் என்று ஆகாது. ஒரே பலிக்குப் பல முறை கேட்டிருந்தால் ஒரே மக்கள் பல முறை எண்ணப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே 13,052 என்பதைக் கொல்லப்பட்டோர் தொகை என்று மேடையில் முழங்குவது தவறு. எலும்பு மட்டுமே சான்று என்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

மண்ணும் சான்று சொல்கிறது. ஆன்யாங்கில் ஆற்றின் வடகரையில் அரச கல்லறைகள் உள்ளன. அவற்றைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிறு குழிகள். 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் கண்டறியப்பட்டன. 1976இல் மேலும் 191 குழிகளைத் தோண்டியபோது 1,100க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. பலருக்குத் தலை இல்லை, உடல்கள் ஓரிடத்திலும் தலைகள் வேறிடத்திலும் புதைக்கப்பட்டிருந்தன. 'ஃபா' என்ற எழுத்து வரைந்து காட்டியதை மண் அப்படியே வைத்திருந்தது. 1984இல் ஒரு கல்லறையில் வெண்கல ஆவிச்சட்டி ஒன்றுக்குள் மனித மண்டையோடு இருந்தது. தற்செயலாக உருண்டு விழுந்திருக்கும் என்று சிலர் எண்ணினர். 1999இல் மற்றொரு கல்லறையிலும் அதே போல் ஒன்று கிடைத்தபின் அப்படிச் சொல்வது கடினமாயிற்று. இதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனமில்லை.

2017இல் வெளியான ஆய்வு ஒன்று என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது. பலிக்குழிகளில் கிடைத்த எலும்புகளின் வேதிக்கூறுகளை அளந்து, அம்மக்கள் எந்த உணவை உண்டு வாழ்ந்தனர் என்று பார்த்தார்கள். இவர்கள் ஆன்யாங்கில் பிறந்து வளர்ந்தவர்கள் அல்லர். ஆனால் போர்க்களத்திலிருந்து நேரே குழிக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அல்லர். சில ஆண்டுகள் ஆன்யாங்கிலேயே, அவ்வூர் உணவை உண்டு வாழ்ந்திருக்கிறார்கள். ச்சியாங் மக்களை வேட்டைக்கு அழைத்துச் சென்றதாகச் சில எலும்புகள் கூறுகின்றன. ஆக, வேலை வாங்கியிருக்கிறார்கள். ஊர் மக்கள் அவர்களைத் தினமும் பார்த்திருப்பார்கள். அவர்களின் முகம் தெரிந்திருக்கும், அவர்கள் பேசிய தட்டுத்தடுமாறிய ஷாங் மொழி தெரிந்திருக்கும். பிறகு ஒரு நாள் எலும்பு வெடித்து, எத்தனை பேர் என்று முடிவாகும். அறியாத எதிரியைக் கொன்றார்கள் என்ற சமாதானம் இந்த ஆய்வோடு போய்விடுகிறது.

இதைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் இரண்டு மறுமொழிகள் வருகின்றன. முதலாவது, அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது. ஊர் என்ற சுமேரிய நகரின் அரச கல்லறைகளில் பணியாளர்கள் கூட்டமாகப் புதைக்கப்பட்டனர், ஆஸ்டெக் மக்கள் கோயில் உச்சியில் மனிதரைப் பலியிட்டனர், உண்மைதான். சீனர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது அறியாமை. ஆனால் 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் ச்சியாங் மக்கள் அடங்குவார்களா? அந்தக் காலத்து நம்பிக்கை என்று நாம் சொல்வது கத்தியின் பிடியைப் பற்றியவர்களின் நம்பிக்கையைத்தான்.

இரண்டாவது மறுமொழி இதைவிடக் கனமானது. மன்னர் நடிக்கவில்லை, முழு மனத்தோடு நம்பினார், தம் மக்களைக் காக்கவே செய்தார் என்பது. வூ திங்கின் அச்சம் உண்மையானது என்பதை நானும் மறுக்கவில்லை. அவருடைய துணைவியருள் ஒருவர் ஃபூ ஹாவ். 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டியதோடு இவர் பெயர் தொடர்புபட்டிருக்கிறது. இவர் கருவுற்றிருந்தபோது பிள்ளைப்பேறு நல்லபடி நடக்குமா என்று கேட்ட ஓர் ஓடு உண்டு. இன்னின்ன நாளில் பிறந்தால் நலம் என்று மன்னர் பலன் சொன்னார். முப்பத்தொன்றாம் நாள் குழந்தை பிறந்தது. நல்லதன்று, பெண் குழந்தை என்று அதே ஓட்டில் முடிவும் பதிவாகியிருக்கிறது. (பெண் வாசகர்கள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது.) மனைவிக்காகக் கலங்கும் ஒரு கணவரை அங்கே காண்கிறோம். ஃபூ ஹாவ் கணவருக்கு முன்பே இறந்தார். 1976இல் அவருடைய கல்லறை சிதைவுறாமல் கிடைத்தது. ஏறக்குறைய 1,600 கிலோ வெண்கலப் பொருள்கள், 700க்கும் மேற்பட்ட பச்சைக்கல் அணிகள், ஆறு நாய்கள், பதினாறு மனிதர்கள். கணவரின் துக்கம் பொய்யில்லை. அந்தத் துக்கத்திற்கான செலவை ஏற்றவர்கள் அந்தப் பதினாறு பேர். பல்வலியும் மன்னருடையது, கவலையும் மன்னருடையது, நாள் பார்த்ததும் மன்னர். ஒரு முறையாவது மன்னர் தம் விரல் நகத்தையேனும் கொடுக்க முன்வந்ததாக இருந்தால், அந்த நம்பிக்கையை நான் இன்னும் மதிப்பேன்.

இனி, என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்த செய்தி. கன்பூசிய நூல்கள் வூ திங்கை மறக்கவில்லை. காவ் ஸோங் என்ற பெயரில் அவரைப் போற்றுகின்றன. தந்தைக்காகத் துக்கம் காத்து மூன்றாண்டுகள் வாய் திறவாமல் இருந்த சான்றோர் என்று அவரைக் காட்டுகின்றன. பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்பட்டவர். ஆயிரக்கணக்கான மனிதரைப் பற்றிய கேள்விகளை முன்னோரிடம் கேட்ட அதே மனிதர்தாம் அவர் என்பது எலும்புகள் வெளிவரும் வரை யாருக்கும் தெரியாது. ஸிமா சியென் எழுதிய பெரு வரலாற்றிலும் இந்தப் பலிக்குழிகளைப் பற்றிய பேச்சு இல்லை. ஷாங் மரபை வீழ்த்திய ஜோவ் மரபினர் இந்த வழக்கத்தையும் அதன் நினைவையும் சேர்த்தே திட்டமிட்டு அழித்தனர் என்று லி ஷுவோ 2022இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அந்த நூல் சீனாவில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. திட்டமிட்டு என்ற சொல்லுக்குச் சான்று போதாது என்பவர்கள் உண்டு. நினைவு அழிந்தது என்பதில் ஐயமில்லை.

அழிந்தது நல்லதுதானே என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். கெட்ட வழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் அது தானாக மடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். நான் இதனை ஏற்கவில்லை. கி.மு. 621இல் சின் நாட்டின் கோமகன் மூ இறந்தபோது 177 பேர் அவரோடு புதைக்கப்பட்டனர். ஷாங் மரபு வீழ்ந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்ட நேரம் அது. இறந்தவரோடு துணைக்கு அனுப்புவதும், கைதிகளை முன்னோருக்குப் படைப்பதும் ஒன்றல்ல என்று ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்வர். சரி, பிரித்தே வைத்துக்கொள்வோம். இறந்த ஒருவருக்காக உயிரோடிருப்பவரின் உயிரை எடுக்கலாம் என்ற எண்ணம் மௌனத்தால் சாகவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. சின் நாடு அதற்குத் தடை விதித்தது கி.மு. 384இல். இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? அந்த 177 பேரில் மூன்று சகோதரர்களுக்காக ஒரு பாட்டு எழுந்தது. ஷீ ஜிங் என்ற பழம்பாடல் தொகுப்பில் அது இன்றும் இருக்கிறது. மூவரின் பெயரையும் சொல்லிப் புலம்புகிறது. பெயரைச் சொல்லி அழ ஒருவர் முன்வந்த பிறகே அந்த வழக்கம் கேள்விக்கு உள்ளாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மூவரும் உயர்குடியினர். மற்ற 174 பேருக்குப் பாட்டு இல்லை.

நம் வளாகத்துக்குத் திரும்புவோம். இதையெல்லாம் நான் எழுதுவது, மூவாயிரம் ஆண்டு என்று சொல்லும் சீன நண்பரிடம் அடுத்த முறை 'உங்கள் எழுத்து இரத்தக் கணக்கு' என்று திருப்பிக் கொடுப்பதற்காக அன்று. அப்படி யாரேனும் இக்கட்டுரையைப் பயன்படுத்தினால் எனக்கு வருத்தமே. ஏப்ரல் மாதத்தில் கல்லறையைக் கூட்டித் துடைத்து, ஆரஞ்சுப் பழமும் தேநீரும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வரும் குடும்பத்துக்கும் ஆன்யாங் குழிக்கும் இடையே மூவாயிரம் ஆண்டு மாற்றம் இருக்கிறது. படையல் தொடர்ந்தது, கத்தி விழுந்துவிட்டது. அந்த மாற்றத்தில் பெருமைப்பட இடம் உண்டு. எழுத்தின் வயதைவிட, அந்த எழுத்தைப் பயன்படுத்தியவர்கள் எதைக் கைவிட்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம் தமிழ்மொழிக் கழகத் தோழர்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தொன்மைப் பேச்சுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது பழைய எழுத்தைப் படிப்பதற்கு ஒதுக்கினால் என்ன? சீன மாணவர் ஒருவரை அழைத்து இந்த எலும்பு எழுத்துகளில் பத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொல்லலாம். நான் அப்படித்தான் விடுதி நண்பர் ஒருவரிடம் 'ச்சியாங்' எழுத்தை வரைந்து காட்டினேன். அவர் அதுவரை அதை ஒரு குடும்பப் பெயராகவும் சிச்சுவான் மலைநாட்டில் வாழும் ஓர் இனத்தின் பெயராகவும்தான் அறிந்திருந்தார். கொம்பைத் தொட்டுப் பார்ப்பது போல் விரலை வைத்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எலும்புகளில் காணப்படும் ஏறக்குறைய 4,500 வேறுபட்ட எழுத்துகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இதுவரை உறுதியாகப் படிக்கப்பட்டுள்ளது. 2016இல் ஆன்யாங்கில் உள்ள சீன எழுத்து அருங்காட்சியகம், படிக்கப்படாத எழுத்து ஒன்றைச் சரியாகப் படித்துக் காட்டுபவருக்கு 100,000 யுவான் பரிசு என்று அறிவித்தது. எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும். பலியானவர்களுக்கு அநேகமாகப் பெயரே எழுதப்படவில்லை, எண் மட்டுமே உண்டு. போரில் பிடிபட்ட பகைநாட்டுத் தலைவர்கள் சிலரைப் பற்றி அவர்களின் மண்டையோட்டிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு விதிவிலக்கு, மழை பொய்த்த காலத்தில் தீயில் இடப்பட்ட பெண்கள். இன்னாரை எரித்தால் மழை வருமா என்று கேட்கும்போது அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பெண் என்ற குறி, அதனோடு வேறொரு குறி, இரண்டும் சேர்ந்தது ஒரு பெயர். அவற்றுள் சிலவற்றை எப்படி ஒலிப்பது என்பது இன்னும் அறியப்படவில்லை.